சித்தேரி மேட்டு மண்

பங்குனி பிறந்துவிட்டால் பாண்டவமேட்டில் காலையிலேயே பாறை சுடத் தொடங்கிவிடும். படாளத்துக்கு மேற்கே, நெல் வயல்களெல்லாம் முடிந்த இடத்தில், யாருக்கும் உதவாத செம்மண் மேடு அது. மேடு முழுக்க வட்டம் வட்டமாகக் கல் நட்டிருக்கும். ஆடு மேய்க்கிறவர்கள் அந்தக் கற்களில் முதுகைச் சாய்த்துக் கட்டுச்சோறு தின்பார்கள். பஞ்ச பாண்டவர்கள் ஒளிந்திருந்த குழிகள் என்று ஊரில் பேர். தொல்லியல்காரர்கள் வந்து, இது ஆதிகாலத்து இடுகாடு, செத்தவர்களை மண்தொட்டியில் வைத்துப் புதைத்த இடம் என்று சொன்னபோதுகூட ஊர் பெரிதாக அசரவில்லை. தோண்டக் கூலி ஆள் வேண்டும் என்றபோதுதான் காது கொடுத்தது.

சாரதாம்பாளும் போனாள். நடவு, களையெடுப்பு, நூறுநாள் வேலை என்று எல்லா மண்ணிலும் கை வைத்தவள். முதல் நாள் மண்வெட்டியை ஓங்கிப் போட்டதும், அங்கே பொறுப்பாக இருந்த பிரதீபா மேடம் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அக்கா! இது வரப்பு வெட்டுற வேலை இல்ல. கல்லுல ஒட்டிக்கிட்ட தோசையைக் கிழியாம எடுப்பீங்கல்ல? அந்த மாதிரி எடுங்க."

மேடம் அப்படிச் சொன்னது சாரதாம்பாளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. கொத்தனார் வைத்திருக்கிற மாதிரிச் சின்னக் கரண்டியைச் சாய்த்துப் பிடித்து மண்ணைத் தோல் தோலாக உரிக்கப் பழகிக்கொண்டாள். நிறம் மாறினால் நிறுத்த வேண்டும். கரண்டிக்கு அடியில் சத்தம் மாறினாலும் நிறுத்த வேண்டும். உரித்த மண்ணை அம்சா சல்லடையில் போட்டு ஆட்டுவாள். அம்சா அதே தெருக்காரி. வாய் ஓயாது.

"இன்னாக்கா இது, மண்ணுக்குப் பேன் பாக்குற மாதிரி கீது? எங்க வூட்டுக்காரன் கேக்குறான், ஒரு மாசமா சொரண்டி ஒரு பானைய எடுத்துகினு வரியே, கடையில போனா புதுசே கெடைக்குமேன்னு."

சாரதாம்பாளின் கணவன் தனகோடியும் இப்படித்தான் கிண்டல் செய்துகொண்டிருந்தான். அவன் பொக்லைன் வண்டி ஓட்டுகிறவன். அச்சரப்பாக்கத்திலிருந்து மறைமலைநகர் வரை எங்கே கால்வாய் வெட்டினாலும் அஸ்திவாரம் தோண்டினாலும் அவன் வண்டி நிற்கும். "நீங்க பத்து பேரு ஒரு மாசம் சொரண்டுறத நான் ஒரே பக்கெட்டுல அள்ளிடுவேன்டி" என்பான். அவளும் சிரிப்பாள்.

ஒரு சின்ன மண்தொட்டி கிடைத்த நாளோடு அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று.

பெரிய கல்வட்டத்தின் ஓரத்தில், யாரும் எதிர்பாராத மூலையில், செம்மண்ணுக்குள் வட்டமாக ஒரு சாம்பல் நிறம் தெரிந்தது. பிரதீபா மற்றவர்களை விலக்கிவிட்டு, "சாரதாக்கா, நீங்களே எறங்குங்க. உங்க கை நிதானமா இருக்கும்" என்றாள். மூன்று நாள் வேலை. மெல்ல மெல்ல விளிம்பு தெரிந்து, வயிறு தெரிந்து, அடியில் குட்டையாகக் கால்களும் தெரிந்தன.

"இன்னா மேடம், தொட்டிக்குக் காலெல்லாம் வெச்சிகீறாங்க? பன்னிக்குட்டி படுத்துகினு கீற மாதிரி கீது" என்றாள் அம்சா.

"பெரியவங்களுக்கு நீளமா செய்வாங்க. ரெண்டு வரிசையா காலு இருக்கும். இது சின்னது. குழந்தைக்குச் செஞ்சது."

"கொயந்தைக்கா?" என்று கேட்ட அம்சா சல்லடையைக் கீழே வைத்தாள்.

உள்ளே இறுகிக் கிடந்த மண்ணைச் சாரதாம்பாள் மூங்கில் குச்சியால் நெம்பி, தூரிகையால் தள்ளினாள். எலும்பு என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. மாவாகப் போகிற மாதிரி சில துண்டுகள். ஒரு பக்கத்தில் தாடையின் சிறு வளைவு மட்டும் நிலைத்திருந்தது. பிரதீபா மண்டியிட்டுப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள்.

"ஒரு வயசு ஆகியிருக்காது. கீழ ரெண்டு பல்லு வெளிய வந்திருக்கு. மத்ததெல்லாம் தாடைக்குள்ளயே இருக்கு பாருங்க."

"எம்மா வருசம் இருக்கும் மேடம்?" என்று கேட்டாள் சாரதாம்பாள்.

"ரெண்டாயிரத்துக்கு மேல. டெஸ்டுக்கு அனுப்பினாத்தான் சரியா சொல்ல முடியும்."

"அத்தினி வருசம் மண்ணு துண்ணாம வுட்டுச்சா?"

"தொட்டிக்குள்ள இருந்ததால கொஞ்சம் தப்பிச்சிருக்கு. பல்லு அவ்ளோ சீக்கிரம் போகாதுக்கா."

சாரதாம்பாள் குழியைவிட்டு ஏறினாள். தூக்குவாளியில் கேழ்வரகுக் கூழும், சுட்ட கருவாடும் இருந்தன. திறக்கவில்லை. வேலிக்காத்தான் நிழலில் போய், மேட்டுக்குக் கிழக்கே பார்த்தபடி உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் ஊர்ச் சித்தேரியின் கரையும் பனைமரங்களும் கோடு மாதிரி தெரியும்.

அவளுடைய மூத்த பிள்ளைக்கும் கீழே இரண்டு பல்தான். ரஞ்சித்குமார் என்று பெயர். பால் குடிக்கும்போது கடிப்பான். கடித்துவிட்டு, அவள் முகம் சுளிப்பதைப் பார்த்துச் சிரிப்பான். ஐப்பசி அடைமழையில் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் வழியிலேயே, பஸ்ஸில், அவள் மடியில் உடம்பு குளிர்ந்துபோயிற்று. ஊர் இடுகாட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. தனகோடியும் அவன் அண்ணனும் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், சித்தேரிக்கு உள்ளே, தண்ணீர் ஏறாமல் நின்ற மேட்டில் புதைத்துவிட்டு வந்தார்கள். பெண்கள் அங்கேயெல்லாம் போகிற வழக்கம் இல்லை. நனைந்து வந்த புருஷன் வாசலில் நின்று கால் கழுவியதை அவள் பார்த்தாள். அவள் பார்த்தது அவ்வளவுதான். பிறகு கீர்த்தனா பிறந்தாள், வளர்ந்தாள், பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். பிள்ளை மண்ணோடு மண்ணாகிப் போய்விட்டான் என்றுதான் சாரதாம்பாள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

பல் போகாதாம். அப்படியானால் அவனும் இருக்கிறான்.

சாயங்காலம் கருவிகளைக் கழுவும்போது பிரதீபாவிடம் கேட்டாள். "மேடம், மூடின குயிய எப்பிடிக் கண்டுபுடிக்கிறது? மேல எல்லாம் ஒண்ணாத்தானே கீது?"

"ஒருதரம் வெட்டின மண்ணு திரும்பப் பழைய மாதிரி ஆகாதுக்கா. கலந்துடும் இல்ல? நெறம் காட்டிக் கொடுத்துடும். கரண்டி வெச்சாலே மெத்துன்னு எறங்கும். எவ்ளோ வருஷம் ஆனாலும் தெரியும்." சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்க்கா?"

"சொம்மா கேட்டேன் மேடம்."

அன்றைக்குச் சென்னாக்குன்னிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். தனகோடி டீசல் வாடை போகக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். கீர்த்தனா கட்டிலில் புத்தகத்தை விரித்துக்கொண்டிருந்தாள். சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றிவிட்டு, கரண்டியைக் கீழே வைக்காமலே சாரதாம்பாள் கேட்டாள்.

"இந்தாய்யா, நம்ம புள்ளைய எந்த எடத்துல பொதைச்ச?"

பிசைந்த கை நின்றது. "இப்ப இன்னாத்துக்கு அது?"

"கேக்குறேன்ல."

"சித்தேரி மேட்டுலன்னு அப்பவே சொல்லிகீறனே."

"மேட்டுல எந்தப் பக்கம்?"

"வடக்காண்ட. பனமரத்தாண்ட."

"காட்டுறியா?"

"காட்டினா? இன்னா பண்ணப் போற?"

"பாக்கணும்."

"இன்னாத்தடி பாப்ப? எம்மா வருசம் ஆச்சு! இன்னும் அங்க இன்னா கீது?"

"பல்லு இருக்கும்யா. மண்ணு அத்த துண்ணாது. இன்னிக்கி நான் கண்ணால பாத்தேன். எடுக்க வேணாம். மேல கொஞ்சம் மண்ண வலிச்சி, பாத்துட்டு மூடிடலாம். ஒரே ஒரு வாட்டி."

தனகோடி தட்டிலேயே கையைக் கழுவினான். "அந்த வேலைக்கு நாளையிலேருந்து போவாத. போய்ப் போய் உனக்குப் புத்தி கெட்டுப் போச்சு" என்று எழுந்து வெளியே போய்விட்டான். கீர்த்தனா புத்தகத்தை மூடிவிட்டு அம்மாவையே பார்த்தாள்.

சாரதாம்பாள் சண்டை போடவில்லை, அழவும் இல்லை. டீயைக் கொடுக்கும்போது, "எப்ப காட்டுற?" என்றாள். துண்டை எடுத்து நீட்டும்போது, "எப்பய்யா?" என்றாள். வண்டியைக் கிளப்பும்போது வாசலில் நின்றாள், வாயைத் திறக்காமல். அந்த நிற்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், "வா, வந்து தொல" என்றான்.

சித்தேரி முன்பு போல இல்லை. போன வருடம் கோடையில் சவுடு மண் எடுக்க ஏலம் விட்டு, ஆள் உயரத்துக்கு மேல் அள்ளிவிட்டார்கள். அப்போதே அவள் பதறிக்கொண்டு கேட்டாள். "அந்தப் பக்கம் யாரும் தொடல, நாந்தானே வண்டில கீறேன்" என்று அவன் சொன்னதும் சமாதானமாகி இருந்துவிட்டாள். இப்போது ஏரிக்குள் அங்கங்கே செங்குத்தாகப் பள்ளங்கள். அடியில் பச்சைத் தண்ணீர். ஓரத்தில் கொக்குகள் நின்றன.

தனகோடி அவளைக் கரையோரம் இருந்த ஒற்றைப் பனைமரத்தடிக்கு அழைத்துப் போனான். ஓரிடத்தில் நின்று காலால் காட்டினான். "இங்கதான்."

அவள் குந்தினாள். உள்ளங்கையை மண்ணில் வைத்தாள். பிறகு முந்தானையில் சுற்றியிருந்த கரண்டியை எடுத்தாள்.

"தொடாதடி! பாத்தா போதும்னுதானே சொன்ன?"

"மேல மட்டும்யா."

புல்லைக் கெல்லினாள். மேல்மண்ணை உரித்தாள். கரண்டியைச் சாய்த்து, இழுத்து, ஒதுக்கி, மறுபடி இழுத்து, ஒரு சாண் ஆழம் போனாள். கரண்டி கரகரவென்று முனகியது. மஞ்சள் களி, இடையில் சுண்ணாம்புக் கற்கள், குறுக்கே அறுபடாத பனைவேர்கள். இரண்டு பக்கமும் அகலப்படுத்திப் பார்த்தாள். எங்கேயும் நிறம் மாறவில்லை. நெற்றியில் வழிந்த வேர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இங்க யாரும் எப்பவும் வெட்டல."

"நீ இன்னா பெரிய ஆபீசரா?"

"இல்லய்யா. ஆனா வெட்டின மண்ணு எனக்குத் தெரியும். இது கெட்டி மண்ணு, ஏரி வந்த நாள்லேருந்து இப்பிடியே கீது. வேரு கூட அறுபடல பாரு." குரல் உயரவில்லை. "சொல்லுய்யா. எம்புள்ள எங்க?"

தனகோடி அவளைப் பார்க்கவில்லை. ஏரிக்குள் திரும்பி நின்றான். அவன் கை மெல்ல உயர்ந்தது. பச்சைத் தண்ணீருக்கு மேலே, வெறும் வெளியை, ஒன்றுமில்லாத ஆகாயத்தை விரல் காட்டியது.

"தோ... அங்கதான் இருந்துச்சி மேடு."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது மரத்தைப் பிடித்துக்கொண்டாள். அவன் கரையிலேயே குந்தி, முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பேசினான்.

"என்னியதான் வண்டி ஓட்டச் சொன்னாங்க. வேணாம்னு சொல்லியிருக்கணும். சொன்னா வேற எவனையாச்சும் போடுவானுங்க, நாமளே இருந்தா அந்த எடத்தயாச்சும் வுட்டுடலாம்னு நெனச்சிகினேன். சுத்திச் சுத்தி எடுத்துட்டு மேட்ட மட்டும் வுட்டு வெச்சேன். சூப்பர்வைசர் கேக்குறான், இன்னாய்யா, நடுவுல கோயில் கட்டப் போறியான்னு. புத்து கீது, நாகம் கீதுன்னு சொன்னேன். கொஞ்ச நாளு வுட்டான். அப்பால, நீ எடுக்கிறியா, வேற வண்டி கொண்டாரட்டுமான்னான்."

"எடுத்தாங்களா?"

"நாந்தான்டி எடுத்தேன்."

கொக்கு ஒன்று எழுந்து தாழப் பறந்து போயிற்று.

"வேற எவனோ வந்து ஒரே வாட்டியா வாறிகினு போறதுக்கு நானே எடுத்தா கண்ணுல படும்ல? பட்டா எடுத்து வெச்சிக்கலாம்ல? மேல மேலயா வலிச்சேன். பக்கெட்டால தடவுற மாதிரிதான் வலிச்சேன், சாமி சத்தியமா. ஒவ்வொரு வாட்டியும் எறங்கி வந்து கையால கிளறிப் பாத்தேன். லாரிக்காரன் ஹாரன் அடிச்சிகினே கீறான். ஒண்ணும் ஆப்புடல. சுத்தியிருந்த துணி கூட ஆப்புடல. எடம் தப்பிப் போச்சோ இன்னாவோ. அன்னிக்கி மய அப்பிடி ஊத்துச்சி, எங்கண்ணன் தோண்டுறான், நான் புள்ளைய மார்ல போட்டுகினு நிக்கிறேன். எனக்கு எதுவும் தெரியலடி."

"அந்த மண்ணு எங்க போச்சு?"

"மாமல்லபுரம். பள்ளமான பிளாட்டு ஒண்ணத் தூத்துறதுக்கு. நான் வண்டிய அப்பிடியே வுட்டுட்டு லாரி பின்னாடியே பைக்ல போனேன். கடலப் பாத்த மூலையில, சவுக்கு வேலியாண்ட கொட்டினான். கொட்டினத நின்னு பாத்தேன். ரோலர் வந்து சமம் பண்ற வரைக்கும் நின்னுகினு இருந்தேன்."

சாரதாம்பாள் அவனை அடிக்கவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. கரண்டியை முந்தானையில் சுற்றிக்கொண்டே, "அன்னிக்கி வூட்டுக்கு வந்து இன்னா சாப்ட்ட?" என்று கேட்டாள்.

"ஞாபகம் இல்ல."

"எனக்கு ஞாபகம் கீது. மோர் மட்டும் போதும்னு சொன்ன. வெயில் சூடு ஏறிப்போச்சுன்னு நெனச்சி, உன் தலைல வெளக்கெண்ண வெச்சித் தேச்சி வுட்டேன்." அவள் உதடு கோணியது. "நீ அப்பகூட எதுவும் சொல்லாம தேச்சிகினு படுத்த."

மறுநாள் அம்சாவிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, அவள்தான் முதலில் பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். செங்கல்பட்டு போய், திருக்கழுக்குன்றம் மலையைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போனார்கள். வழியில் அவன் ஒரு கடையில் நிறுத்தி, "நாஸ்தா துண்ணுட்டுப் போலாம்" என்றான். இட்லியைப் பிட்டவள் அதைப் பிட்டபடியே வைத்திருந்தாள். மாமல்லபுரம் நெருங்க நெருங்கச் சாலையின் இரண்டு பக்கமும் சிற்பக்கூடங்களில் உளிச்சத்தம். அதைத் தாண்டி ஈ.சி.ஆரில் திரும்பியதும் உப்புக்காற்று முகத்தில் அடித்தது.

விடுமுறைக்கு வந்து தங்குகிறவர்களுக்கான அடுக்கு வீடுகள் வரப்போகிற இடம் அது. கொட்டிய மண் இறங்கட்டும் என்று ஒரு மழைக்காலம் விட்டுவிட்டு, இப்போதுதான் அஸ்திவாரம் தோண்டியிருந்தார்கள். சதுரம் சதுரமாக ஆழக் குழிகள். சிலவற்றில் கம்பிக்கூடு நிறுத்தி, கான்க்ரீட் போட்டாகிவிட்டது. சவுக்கு வேலியோரக் குழியில் இன்னும் போடவில்லை. சுண்ணாம்புத்தூள் கோட்டுக்குள் அது திறந்து கிடந்தது.

சைட் இன்ஜினியர் சுப்புராமன் ஐம்பதைத் தாண்டியவர். வெயிலில் கறுத்து, கர்சீப்பைக் கழுத்தில் கட்டியிருந்தார். இரண்டு பேரும் குழியை எட்டிப் பார்ப்பதைக் கண்டு கத்திக்கொண்டே வந்தார்.

"யாரும்மா அது? தள்ளி வாங்க! பக்கமெல்லாம் லூஸ் மண்ணு. சரிஞ்சா உள்ளே போயிடுவீங்க!"

"உள்ள எறங்கணும் சார்" என்றான் தனகோடி.

"எதுக்கு?"

"ஒரு பொருளு வுட்டுட்டோம் சார்."

"இங்கயா? நீங்க யாருன்னே தெரியல. மத்தியானம் கான்க்ரீட் வண்டி வருது, போய்யா."

சாரதாம்பாள்தான் முன்னால் வந்தாள். "சார், இது எங்க ஊரு ஏரி மண்ணு. எம்புள்ளைய அதுல பொதைச்சிருந்தோம். பத்து மாசப் புள்ள. மண்ணோட சேத்து இங்க கொண்டாந்து கொட்டிட்டாங்க. எதாச்சும் கெடைக்குதான்னு பாத்துட்டுப் போயிடுறேன்."

சுப்புராமன் அவளைப் பார்த்தார். பிறகு அவனை. பிறகு வரிசையாகக் கிடந்த குழிகளை. அவருக்குக் கோபம் வந்த மாதிரி இருந்தது, ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. "எத்தனை ஊர் ஏரி மண்ணு இங்க வந்து கெடக்கு தெரியுமாம்மா?" என்றார். அவர் தன் தலையிலிருந்த மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

"இதப் போட்டுக்கிட்டு எறங்குங்க. சுவரை ரொம்பக் குடையாதீங்க. வண்டி வந்துட்டா என்னால நிறுத்த முடியாது."

ஏணி வைத்துக் கொடுத்தார்கள். குழிக்குள் காற்றே இல்லை. பக்கச் சுவரைக் கரண்டியால் ஒருமுறை உரித்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடியில் வெள்ளைக் கடல்மணல், கிளிஞ்சல் கலந்தது. அதற்கு மேலே செம்மண் கட்டி, கறுப்புக் களி, சவுடு, செங்கல் உடைசல், பிளாஸ்டிக் பை எல்லாம் தாறுமாறாகக் கிடந்தன. பாண்டவமேட்டில் ஒவ்வொரு மண்ணும் தன் இடத்தில் இருக்கும். எதற்கு மேல் எது என்று பார்த்துக்கொண்டே போகலாம். கொட்டின மண்ணில் எதைப் பார்த்துத் தேடுவது? இந்தச் சுவரில் அவன் இருக்கலாம். சைட்டுக்குள் போட்டிருந்த தார்ச்சாலைக்கு அடியில் இருக்கலாம். ஏற்கெனவே கான்க்ரீட் போட்ட குழிக்கு அடியிலும் இருக்கலாம். எங்கேயும் இல்லாமலும் இருக்கலாம்.

தெரிந்தும் கை நிற்கவில்லை. ஏரிக்குள் படிகிற மாதிரிக் கறுப்புக் களி தெரிந்த இடத்தையெல்லாம் உரித்தாள். தனகோடி எதிர்ப்பக்கம் மண்டியிட்டு, கட்டிகளை எடுத்து இரண்டு கையாலும் நொறுக்கி நொறுக்கிப் பார்த்தான். பக்கெட்டின் நெம்புகோலைத் தவிர வேறு எதையும் பிடித்துப் பழகாத கை. நகக்கண்ணில் ரத்தம் கசிந்தது. மேலே சித்தாள் வேலைக்கு வந்திருந்த பெண்கள் விளிம்பில் நின்று பார்த்தார்கள். ஒருத்தி கயிற்றில் கட்டித் தண்ணீர் பாட்டில் இறக்கினாள்.

உச்சி வெயில் குழிக்குள் நேராக இறங்கிய நேரத்தில் தனகோடி, "சாரதா" என்றான்.

கல்யாணமான புதிதில் கூப்பிட்ட மாதிரி இருந்தது அந்தக் குரல். மண் அப்பிய உள்ளங்கையை ஏந்திக்கொண்டு முழங்காலாலேயே நகர்ந்து வந்தான். கையில் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளையாக ஒரு துண்டு.

"பல்லு மாதிரி கீதுடி." அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "பாரேன். நீ பாத்து சொல்லேன். அவன்துதானே?"

அவள் வாங்கினாள். கட்டைவிரலால் மண்ணைத் துடைத்தாள். பாண்டவமேட்டில் சந்தேகமான துண்டு கிடைத்தால் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார்கள். பழைய எலும்பு நாக்கைப் பிடித்துக்கொள்ளும். பல் என்றால் வேர் இருக்கும், குழி இருக்கும். சாரதாம்பாள் நாக்கில் வைத்தாள். அது வழுக்கியது. உப்புக் கரித்தது. உள்பக்கம் லேசாக வானவில் மாதிரி மின்னியது. கடல்மணலில் கோடிக் கணக்கில் கிடக்கிற கிளிஞ்சலின் ஒரு உடைசல்.

தனகோடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்களுக்குக் கீழே மண் படிந்திருந்தது. மழையில் நனைந்து, பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு நின்றவன் எப்படி இருந்திருப்பான் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. பக்கெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, ஹாரன் சத்தத்துக்கு நடுவில் இறங்கி இறங்கி வந்து மண்ணைக் கிளறியவனும் தெரிந்தான்.

"ஆமாய்யா" என்றாள். "அவந்தான்."

"நெசமா?"

"கீழ் பல்லு. முன்னாடி இருக்குமே, அது."

அவனிடமிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு மேலே நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிள்ளை செத்த அன்றைக்கும் அவன் இப்படி அழவில்லை. சாரதாம்பாள் அவன் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஹெல்மெட் இடித்தது. அதைக் கழற்றிக் கீழே வைத்தாள். கான்க்ரீட் வண்டி வந்து வெளியே நிற்க, அதன் உருளை சுற்றிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. சுப்புராமன் விளிம்பில் வந்து நின்றார், கூப்பிடவில்லை. அவர்களாகவே ஏறி வந்தபோது கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார்.

"கெடைச்சுதா?" என்று கேட்டார்.

"கெடைச்சிட்டான் சார்" என்றான் தனகோடி.

அவர்கள் கேட்டைத் தாண்டுவதற்குள் அந்தக் குழியில் கான்க்ரீட் விழத் தொடங்கிவிட்டது. சாரதாம்பாள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் குதித்துவிடுவோம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

வழி நெடுக அவன் ஒரு கையால் பைக்கை ஓட்டினான், இன்னொரு கை சட்டைப்பையைப் பொத்தியிருந்தது. வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால், சொந்தமாக இருந்த அந்தக் கையகல இடத்தில், முருங்கைக்கும் துணி துவைக்கிற கல்லுக்கும் நடுவே தனகோடி கடப்பாரையைப் போட்டான். தோள்துண்டை விரித்து, அதில் அந்த வெள்ளைத் துணுக்கை வைத்திருந்தான்.

கீர்த்தனா வந்து குனிந்து பார்த்தாள். விரலால் தொட்டாள், திருப்பினாள். நெற்றி சுருங்கியது. "அம்மா, இது வந்து..." என்று நிமிர்ந்தாள்.

சாரதாம்பாள் மகளைப் பார்த்தாள்.

"உள்ள போயி ஒரு கிளாஸ் பால் எடுத்தா" என்றாள்.

அந்தப் பெண் அம்மாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போய்ப் பாலைக் கொண்டுவந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தாள். "அண்ணனுக்குச் சக்கர போட்டுகீறேன்பா" என்றாள்.

தனகோடி தலையை ஆட்டினான். குழி ஒரு முழத்துக்கு இறங்கியிருந்தது. கடப்பாரையை வைத்துவிட்டுக் கையாலேயே மண்ணை அள்ளி வெளியே போட்டான். கறுப்பு மண், அதற்கடியில் சிவப்பு. சாரதாம்பாள் குழியின் விளிம்பில் கால்களை மடித்து உட்கார்ந்திருந்தாள். அந்தத் துணுக்கை எடுத்து மடியில் வைத்திருந்தாள்.

"போதுமா?" என்று கேட்டான்.

"இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டுய்யா."

அவன் வெட்டினான்.

"போதுமா சாரதா?"

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.